பதினேழாவது வீடு

கேத்தி பாலாடாவில் பஸ் இறக்கிவிட்டபோது
மணி ஏழரை.
இரவெல்லாம் சுற்றிய கேரட் மெஷின்
வாயைத் திறந்தபடி நின்றிருந்தது.
ஓடையில் செம்மண் கலங்கல்.
மூட்டைகள் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விட்டன.

என் பையில் நாற்பது படிவங்கள்,
ஒரு தராசு,
அளவு காட்ட மூன்று கிண்ணங்கள்,
ரப்பரில் செய்த ஒரு பொய் இட்லி.

ரேஷன் வாங்கும் வீடுகளில்
தட்டில் விழுவது என்ன
என்பது ஆய்வு.
பத்து வகை உணவு. ஐந்தைத் தொட்டால் தேர்ச்சி.
டீ எந்த வகையிலும் சேராது.
தேயிலைச் சரிவில் நின்று இதைச் சொல்லும்போது
எனக்கே கூச்சமாக இருக்கும்.

பதினேழாவது வீடு இராசமலருடையது.
கழுவும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.
விரல் நுனிகள் ஊறி வெளுத்து
உரித்த பூண்டுபோல இருந்தன.

நேற்று காலையிலிருந்து சொல்லுங்க.
சோறு.
தொட்டுக்க?
ரசம்.
மதியம்?
அதே சோறு, அதே ரசம்.
கேரட்?
சிரித்துவிட்டாள்.
ராத்திரி பூரா அது மூஞ்சியிலதான் முழிக்கிறேன்,
வாயிலயும் வைக்கணுமா?

முட்டை?

கொஞ்சம் நேரம் எடுத்தாள்.
இல்லீங்க. முட்டைக்கு எங்க போறது.

ஜன்னலுக்கு வெளியே ரோஜாச் செடியின் அடியில்
நொறுக்கிப் போட்ட ஓடுகள்,
ஈரம் காயாத வெள்ளை.
கவிழ்த்த கூடைக்குள்ளிருந்து ஒரு கோழி
ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது,
வாய்தாவுக்கு வந்த சாட்சிபோல.

நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.
இருபது கிலோ அரிசி மாசம் பூரா வருதா?
எங்க வருது, இருபத்தஞ்சு தேதிக்கே தட்டிடும்,
கோழிக்கும் போடணுமில்ல

என்று சொல்லி, நிறுத்தி,
புடவைத் தலைப்பை எடுத்து
ஈரமே இல்லாத கையைத் துடைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் மத்தியானம் முட்டை உண்டு.
நேற்று ஞாயிறு.
மூலையில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த
சின்னவள் தர்ஷிகா
தலையை நிமிர்த்தவே இல்லை.
எவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள்.

இத எழுதினா கார்ட மாத்திருவாங்களா மேடம்?
போன தடவ ஒருத்தர் வந்து
டிவி இருக்கான்னுதான் கேட்டாரு.
அப்புறம் எட்டு மாசம் சர்க்கரை மட்டும்தான்.

நாங்க அந்த ஆபீஸ் இல்லைங்க என்றேன்.
அவரும் அதத்தான் சொன்னாரு என்றாள்.

கோயம்புத்தூர்ப் பயிற்சியில் ஏஞ்சலின் மேடம்
பலகையில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தார்:
சொன்னதை எழுது. பார்த்ததை எழுதாதே.
எழுதினேன். முட்டை: பூஜ்யம்.
தானியம்: ஒன்று.
ரசத்துக்குள் மிதந்த தக்காளிக்கு
பதினைந்து கிராம் தேறுமா என்று
வெகுநேரம் யோசித்தேன்.

படிவத்தின் கடைசியில் குறிப்புக்கு இரண்டு வரி இடம்.
பென்சிலால் எழுதினேன்:
இந்த வீட்டுக்குள் அரிசி
சில நாள் கோழி வழியாக வருகிறது.
பிறகு கார்டு எண் நினைவுக்கு வந்தது.
அதே தாளின் தலையில்தான் இருக்கிறது,
என் கையெழுத்தில், தெளிவாக.
அழித்தேன்.
அழுத்தி எழுதியிருந்ததால்
எழுத்து போய்ப் பள்ளம் நின்றது.

நன்மை எவ்வளவு என்று
அறிக்கையில் ஒரு எண் வரும்.
அதற்குப் பக்கத்தில் சின்னதாகக்
கூட்டல் கழித்தல் குறி போட்டு
பிழை இவ்வளவு என்பார்கள்.
அந்தக் குறிக்குள் எங்கேயோ
ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டிருக்கும்.

கிளம்பும்போது இராசமலர்
ஒடிந்த கேரட் இரண்டைக் கையில் திணித்தாள்.
மண்ணோடு இருக்கு, குழாய்ல கழுவிக்குங்க.
வீட்லயும் என்னால கழுவ முடியாது.

பஸ் பதினொன்றரைக்கு.
காலையில் ஒரு பன், இரண்டு டீ.
என்னிடம் கேட்டால் நான் ஒரே வகை.

சாலையோரக் குழாயில் தண்ணீர் வரவில்லை.
துப்பட்டாவில் துடைத்துக் கடித்தேன்.
இனிப்புக்கு முன்னால்
மண் வந்தது பல்லில்,
நறநறவென்று.