முன்பே சொன்னது

பனியாற்றின் வடவிளிம்பில்
நான்கு குளிர்காலம் புதைந்து கிடந்த பெட்டி
ஜூனில் மேலே வந்தது.
பேட்டரி எப்படித் தாக்குப்பிடித்ததோ.
உள்ளே ஒரே கோப்பு, பதினொரு மெகாபைட்.
எழுதிய நிரல் இப்போது எங்கும் ஓடுவதில்லை.

ரெய்க்யாவிக் துறைமுகத்துக்குப் பின்னால்
மூன்றாம் மாடியில்
ஸ்டெய்ன்வர் அதைப் படிக்க உட்கார்ந்தாள்.
இரவு ஒன்றுக்கும் ஜன்னலில் வெளிச்சம்.

எழுதுவது சுலபம்.
முதலில் பொருளின் இனத்துக்கு ஓர் எழுத்து,
பிறகு நீளம், பிறகு உடம்பு.
நீளத்துக்கு நான்கு பைட், சிறிய முனை முன்னால்:
சில்லறையை எண்ணி முடித்தபின்
நோட்டுக்கு வருகிற கணக்குப்பிள்ளை மாதிரி.
மரமாய் நின்றது கயிறாய் நீள்கிறது.

எழுத முடியாதவையும் உண்டு.
திறந்திருக்கும் கோப்பு, ஓடுகிற கடிகாரம்,
மறுமுனையில் யாரோ காத்திருக்கும் இணைப்பு.
அவை வந்தால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு
எழுதி நகர்ந்துவிடும்.
புகார் கடைசியில்தான்,
அதுவும் கேட்டால்.

படிப்பதுதான் பாடு.
முதல் ஓட்டத்தில் காற்றின் வேகம் 'சென்டிகிரேட்' என்றது.
இரண்டாவதில் ஒரு ஜனவரி
தன்னையே தனக்குள் வைத்திருந்தது.
மூன்றாவதில் நிரல் செத்தது, சொல்லாமல் கொள்ளாமல்.
இரவல் வாங்கிய பொருளைத்
தன்னுடையதென்று நினைத்து விடுவித்திருக்கிறாள்;
அதைப் பிடித்திருந்த பட்டியல்
காற்றைப் பிடித்து நின்றது.

கோப்பு நெடுக ஓர் எழுத்து: ஆர்.
அடுத்து ஓர் எண்.
தமிழில் கேட்டால் விசாரணை மாதிரியே இருக்கும்.
ஆர்? ஏழு.
ஆர்? ஏழு.
ஆர்? நாற்பத்திரண்டு.

மறுநாள் மாலை எய்யோல்வுரை அழைத்தாள்.
அந்த வடிவத்தை வகுத்தவன்.
இப்போது அக்யூரேரியில்
நீச்சல்குளத்தின் குளோரினைப் பார்த்துக்கொள்கிறான்.
மூன்று வருடமாகப் பேச்சில்லை.

"முன்பே சொன்னது, அவ்வளவுதான்" என்றான்.
"அதே பொருள் மறுபடி வந்தால் எண் மட்டும்."
"தெரியும். எண் தள்ளிப்போகிறது."
பின்னால் யாரோ தண்ணீரில் குதித்தார்கள்.
"பட்டியலுக்கு எப்போது எண் தருகிறாய்?"
"படித்து முடித்ததும்."
"அதுதான். உள்ளே நுழையுமுன் கொடு.
நுழைந்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம்
எண் கேட்டு முந்திக்கொள்ளும்."
கொஞ்சம் நின்று,
"இதை முன்பே சொல்லியிருக்கிறேன்."
"இல்லை" என்றாள்.
சொல்லியிருந்தான்.

நம் பேருந்துகளில் ஜன்னல் வழியே துண்டு போடுவோமே,
அதே காரியம்தான்:
ஆள் ஏறுமுன் இடம்.
ஒரு வரியை நான்கு வரி மேலே நகர்த்தினாள்.

காற்று காற்றானது.
ஜனவரி தன் வெளியே வந்து நின்றது.
நாற்பத்திரண்டு, ஒரு சரம்.
கடைசியாய்ப் போனவர் தட்டிவிட்டு வந்த குறிப்பு:

*பேட்டரி மாற்றினேன். நரி ஒன்று, வெகு அருகில்.
ஸ். வண்டியில் தூங்குகிறாள். எழுப்பவில்லை.*

அடுத்த குறிப்பு வரும்வரை
எல்லா நாளுக்கும் இதையே ஒட்டு என்பது விதி.
அடுத்து யாரும் போகவில்லை.
ஆயிரத்து முந்நூற்று எண்பது நாள்,
புயலடித்த நாளும் அளவி உறைந்த நாளும்,
ஆர்? நாற்பத்திரண்டு.
ஆர்? நாற்பத்திரண்டு.
நினைவகத்தில் ஒரே நரி;
அதை நோக்கி அத்தனை விரல்.

எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று சோதித்தாள்.
மதிப்பில் சமம். முகவரி வேறு.
வண்டியில் கால் மரத்துப்போனது ஞாபகம் இருக்கிறது,
ஹீட்டரின் வாடையும்.
நரி அவளுக்கு இப்போதுதான் வருகிறது.

நான்கு மணிக்கு எண்களை மட்டும் அனுப்பினாள்.
குறிப்புக்கான நெடுவரிசை பனியாய்வாளருக்குத் தேவையில்லை.
நிரலை மூடவில்லை.
கடைசிப் பிடியை விட்டால்
இடம் காலியாகிவிடும்;
கையேடு அப்படித்தான் சொல்கிறது.
கோட்டை எடுத்துக்கொண்டு
வெயிலில் வீட்டுக்கு நடந்தாள்.