மூடி

பல்மருத்துவர் தியெக்கோ லோந்த்ரினாவுக்குக் குடிபோன அன்று
ஏழாம் மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கி
குப்பைத் தொட்டிகளின் பக்கத்தில் நின்றது அந்தச் சட்டி.
மகிழ்ச்சி மரம் என்பார்கள் சாவோ பாவ்லோவில்.
ஆண் ஒன்று, பெண் ஒன்று, ஒரே மண்ணில்.
ஆணுக்கு அகன்ற இலை,
பெண்ணுக்குக் கிழிந்த சரிகை மாதிரி.
இதில் ஆண் காய்ந்து குச்சியாகியிருந்தது.

"எடுத்துக்குங்க" என்றேன் ஒஸ்மாரிடம்.
இரவுக் காவல் அவருக்கு, பகல் துடைப்பம் எனக்கு.
காலை ஆறிலிருந்து ஆறு பத்து வரை
இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் இருப்போம்.

"காசு குடுத்து வாங்கினா பலிக்காது.
தானா எடுத்துக்கிட்டா அதைவிட மோசம்.
யாராவது குடுக்கணும்."

சட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனேன்.
சிக்னல் ஒருமுறை மாறும்வரை நடைபாதையில் நின்றேன்.
திரும்பி வந்து மணியடித்தேன்.
"யாரு?" என்றார், தெரியாதவர் போலவே.
"நெய்ஜி. உங்களுக்கு ஒரு பரிசு."
என்னுடையதல்லாத ஒன்றை
அவ்வளவு மனசாரக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே லாட்டரியில் முதலை மேல் பணம் கட்டினார்.
வண்ணத்துப்பூச்சி விழுந்தது.
"பாதிச் செடிக்குப் பாதி அதிர்ஷ்டம்தானே,
கட்டினதும் பாதிப் பணம்தான்."

பிறகு இலைகள் மஞ்சளாகின.
இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும் சாதி அது,
கொஞ்ச நாள் உதிர்க்கும் என்றார்கள்.
கொஞ்ச நாள் கடந்தும் உதிர்த்தது.
ஒரு காலை, ஆறு நாலுக்குத்தான் தெரிந்தது:
அவர் மறந்திருப்பார் என்று நான் பகலில் ஊற்ற,
நான் மறந்திருப்பேன் என்று அவர் இரவில் ஊற்ற,
வேர் எங்கள் நல்லெண்ணத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது.

குவரானா பாட்டில் மூடி ஒன்றை மண்மேல் வைத்தார்.
வாய் மேலே பார்த்தால் குடித்தாயிற்று,
கவிழ்ந்திருந்தால் தாகம்.
அதற்குப் பிறகு பேசிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை.
ஆனாலும் மூடிக்குள் ஒருநாள் புதினா மிட்டாய் இருந்தது.
மாடிப்படியில் கிடைத்த திருகாணியை நான் போட்டு வைத்தேன்.
மறுநாள் அது
அவர் நாற்காலியின் ஆடும் காலில் ஏறியிருந்தது.

ஜூலைக் குளிரில், கேட் திறக்கும்போதெல்லாம் காற்று அடிக்குமென்று
தன் கொரிந்தியன்ஸ் துண்டைச் சட்டிக்குச் சுற்றினார்.
அந்தத் துண்டில் யாரையும்
கை துடைக்க விட்டதில்லை அவர்.

ஆகஸ்டில் குடியிருப்போர் கூட்டம்.
காவலுக்கு ஆள் வேண்டாம், கேமரா போதும்,
பாருவேரியில் உட்கார்ந்து யாரோ கதவைத் திறப்பார்கள்.
கைகளை நான் எண்ணவில்லை.
கூட்டம் முடிந்து கழுவிய காப்பிக் கோப்பைகள் பத்தொன்பது.

கடைசிக் காலை, ஆறு மணி.
ஒஸ்மார் சட்டியோடு வெளியே போய் நின்று மணியடித்தார்.
மணி இப்போது பாருவேரியில் ஒலித்தது.
"யாரைப் பார்க்கணும்?"
"நெய்ஜியை."
"வீட்டு எண்?"
"வீடில்லை. உள்ளே நிக்கிறாங்க. கையில துடைப்பம்."
"வீட்டு எண் சொன்னாத்தான் திறக்க முடியும், ஐயா."
பன்னிரண்டு வருஷம் அந்தக் கதவைத் திறந்தவர்
கண்ணாடிக்கு அப்பால் நின்று என்னைப் பார்த்தார்.
உள்ளிருந்து நான் திறந்தேன்.
"உங்களுக்கு ஒரு பரிசு" என்றார்.
துண்டை அவிழ்க்கவில்லை.

இரண்டு பஸ்.
வேகத்தடைக்கு ஓர் இலை வீதம் மடியில் விழுந்தது.
எதிர் சீட்டுப் பையன் எண்ணிக்கொண்டே வந்தான்,
பதினொன்றில் தூங்கிப்போனான்.

குளியலறை ஜன்னலோரம் இருக்கிறது இப்போது.
குச்சியை நகத்தால் கீறு,
உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் என்கிறாள் மகள்.
கீறவில்லை.
மூடியை மட்டும், பழக்கத்தில், மண்மேல் வைத்தேன்
வாய் மேலே பார்க்க.
வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தால்
கவிழ்ந்து கிடக்கிறது.
பூனையா, மகளா, கேட்கவில்லை.
தண்ணீர் ஊற்றினேன்.