வழக்கமான தேய்மானம்

காலி செய்பவர்கள் சாவியை
அடுப்படி மேடையில்தான் வைத்துவிட்டுப் போகிறார்கள்.
அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு
வேலையைத் தொடங்குவேன்.

வின்னிபெக்கில் ஜனவரி.
ஜன்னலுக்கு உட்புறமும் உறைபனி.
மூன்றாம் மாடி, முப்பத்தொன்றாம் எண்.
வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர்,
பாத்திர சோப்பு நாலு சொட்டு.
ஐந்தாவது விழுந்துவிட்டால்
துடைத்ததையே துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பளிங்கு என்று நம்பித்தான் குடிவருகிறார்கள்,
சாம்பல் நரம்போடிய வெள்ளைப் பளிங்கு.
இல்லை, பளிங்கின் புகைப்படம்.
பழுப்புக் காகிதங்களின் மேல் ஒரு படம்,
படத்தின் மேல் பிசின்,
அடியில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை.
மேல்தோலின் கனம் நகக்கண் அளவு.

கம்பிநார் ஆகாது.
ப்ளீச் ஆகவே ஆகாது, படம் வெளிறிவிடும்.
காபிக் கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்து அப்பிவிட்டு
போய்க் குளியலறையைக் கழுவ வேண்டும்.
தேய்ப்பவர்கள் பொறுமை இல்லாதவர்கள்.
தொட்டியோரத்து இணைப்பை மட்டும்
இரண்டு முறை உலர்த்துவேன்.
ஈரம் உள்ளே போனால் பலகை ஊதும்,
ஊதினது வற்றாது.

கார்னெட் லவல்லே, லாரி ஓட்டி,
எட்டு மாதம் இருந்தான்.
ரொட்டிப் பையை ஈரத்தின் மேல் வைத்திருக்கிறான்.
அதன் ஊதா மை மேடையில் இறங்கி
தேதி ஒன்று இடவலம் மாறிக் கிடக்கிறது.
கைக்கண்ணாடியில் பிடித்துப் படித்தேன்:
நவம்பர் ஒன்பதுக்குள் சாப்பிடவும்.
ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் மெதுவாக ஒற்ற
முதலில் ஒன்பது போனது,
பிறகு நவம்பர்.

போகாதது ஒன்று உண்டு.
அடுப்புக்கு வலப்பக்கம், வாணலி வைத்த வட்டம்.
சுட்டது பிரிஸ்டூபா. ஒப்புக்கொண்டார்,
நூற்றிருபது டாலர் பிடித்தோம்.
அந்தப் பணத்தில் மேடையை மாற்றவில்லை.

அடுத்து டிவினா, முதியோர் இல்லத்தில் இரவுப் பணி.
போகும்போது அவளிடம் நூற்றிருபது.
"நான் வரும்போதே இருந்தது" என்றாள் தொலைபேசியில்.
"நுழைவுப் படிவத்தில் அப்படி இல்லையே" என்றேன்.
இல்லைதான்.
'மேடை: நன்று' என்று நான்தான் எழுதியிருந்தேன்.
புதிதாக வருபவர்களுக்குக் கம்பெனி
காய் நறுக்கும் பலகை ஒன்று பரிசளிக்கும்,
மேடை கீறாமல் இருக்கட்டும் என்று.
அதை அந்த வட்டத்தின் மேல் வைக்கச் சொன்னவர்
மேலாளர் ஃப்ரீசன்.
வைத்த கை என்னுடையது.

அப்புறம் லிண்ட்க்விஸ்ட் தம்பதி. நூற்றிருபது.
அவர்கள் கேள்வி கேட்கவில்லை,
தாங்களே சுட்டுவிட்டு மறந்ததாக நினைத்தார்களோ என்னவோ.

இன்று குந்தியிருந்து கூட்டிப் பார்த்தேன்.
மூன்று பேர், முந்நூற்று அறுபது.
பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் சிரித்திருப்பார்,
ஒரு வட்டத்துக்கு எத்தனை பாகை உண்டோ அத்தனை டாலர்.
ஒரு பாகை பாக்கியில்லை.

கார்னெட்டின் படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
'சேதம்', 'வழக்கமான தேய்மானம்'.
பேனா மை குளிரில் இறுகியிருந்தது.
உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி
இரண்டாவதில் குறியிட்டேன்.
ஃப்ரீசன் கேட்பார். கேட்கட்டும்.

வெள்ளிக்கிழமை வருகிறாள் ஹிருத்,
பல்கலைக்கழகத்தில் மண் படிக்கப் போகிறாளாம்.
அவளுக்கான தாளில், மேடை என்ற வரியில், எழுதினேன்:
'அடுப்புக்கு வலப்புறம் பழைய தீய்ந்த வட்டம்,
குறுக்களவு ஒரு சாண். இவளுடையது அல்ல.'
கடைசி மூன்று சொற்களுக்குப் படிவத்தில் இடமில்லை,
ஓரத்தில் ஏறிப் போயின.

பரிசுப் பலகையைத் தொட்டிப் பக்கம் நிறுத்தினேன்.
வட்டம் வெளிச்சத்தில் இருந்தது.
டிவினாவின் எண் என்னிடம் இன்னும் இருக்கிறது.
எடுத்தேன். வைத்தேன்.
இணைப்பை மூன்றாம் முறையாக உலர்த்தினேன்,
அது ஏற்கெனவே உலர்ந்திருந்தது.