ஏழு நிமிட மோட்டார்

பன்னிரண்டாயிரத்து முந்நூறு என்றான் கடைக்காரன்.
கருநீலப் பெட்டி. திறந்தால் கறுப்பு நுரைமெத்தை,
டிரில்லுக்கு ஒரு பள்ளம்,
ஒவ்வொரு பிட்டுக்கும் அதனதன் பள்ளம்.
பக்கத்தில் அட்டைப்பெட்டியில்
பேர் தெரியாத சிவப்பு ஒன்று:
ஆயிரத்து எண்ணூறு.
"ஆறு மாசம் கியாரண்டிங்கக்கா"
அதைச் சொல்லும்போது மட்டும்
அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கணபதியில் காயில் சுற்றுகிறவள்.
பத்தொன்பது வருசம்.
கையில் தூக்கினாலே தெரியும்
உள்ளே செம்பா அலுமினியமா என்று.
சிவப்பு, எடை குறைந்த சிசுவாய் இருந்தது.
ஓட்டிக் காட்டச் சொன்னேன்.
வார்னிஷ் கருகும் வாசம் இன்னும் வரவில்லை,
ஆனால் கிளம்பிவிட்டது.

நஞ்சப்பன் நீலத்தை விட்டு நகரவில்லை.
சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்காமல்
கொம்பின் சாயத்தைப் பார்க்கிற மாதிரி
அந்தப் பேரையே தடவிக்கொண்டு நின்றார்.
"எடுத்தா ஒருக்கா எடுக்கோணும்,
சாகறவரைக்கும் வரோணும்."
"யாரு சாகறவரைக்கும்?"
கடைக்காரன் பில்புத்தகத்தைத் தேடுவதுபோல்
குனிந்துகொண்டான்.

கணக்கு என் தொழில். சொன்னேன்:
அட்டாலிக்கு எட்டு, கொசுவலைக்கு நாலு,
தண்ணி மெஷின், கொடிக்கயிறு, குளியலறைக் கண்ணாடி,
போன நோம்பிக்கு மாட்ட முடியாமல்
இன்னும் பீரோவில் சாய்ந்து நிற்கிற முருகன்.
எப்படிப் பார்த்தாலும் இருபத்தியொரு துளை.
துளைக்கு இருபது விநாடி.
வருசம் முழுக்க ஏழு நிமிடம் ஓடும் மோட்டார் இது.

ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்ததும்
விடிய விடிய ஓடுகிற கிணற்று மோட்டாருக்கு
அலுமினியம் சுற்றச் சொன்னால் எனக்குத் தூக்கம் வராது.
ஏழு நிமிடத்துக்கு
பேரிங் எதற்கு, புஷ் போதும்.

சிவப்பு வந்தது.

சமையலறை லிண்டலில் அது அலறி நின்றபோது
"பாத்தியா?" என்றார், கொஞ்சம் சந்தோசமாக.
மாடிவீட்டு சுதர்சன் தன் நீலத்தை எடுத்துவந்தான்,
வாங்கி ரெண்டு வருசம், மெத்தையில் தூசியில்லை.
எங்கள் பிட்டை மாட்டிப் போட்டான்.
அதே அரையங்குலத்தில் அதுவும் நின்றது.
பிட்டை வெளிச்சத்தில் பார்த்தேன்:
முனை சப்பையாகியிருந்தது.
நூற்றியெண்பது ரூபாய்க்குப் புது பிட்,
சிவப்பே உள்ளே போனது.

பிறகு ஒறம்பரைப் பையன் ஒருத்தன்
ஆட்டுப்பட்டிக்குத் தகரம் அடிக்க
ரெண்டு நாள் இரவல் வாங்கிப்போனான்.
திரும்பி வந்தது புகையோடு.
பிரித்தேன். அலுமினியம்தான்.
நான் தப்பாகச் சொன்னதில்லை;
ஆனால் அந்த ரெண்டு நாள் என் கணக்கில் இல்லை.

மிச்சக் கம்பிக்கு எழுபது ரூபாய்
கம்பெனி நோட்டில் என் பேரில் எழுதிவிட்டு
சாப்பாட்டு நேரங்களில் செம்பு சுற்றினேன்.
பன்னிரண்டு ஸ்லாட்.
இப்போது தூக்கினால் கை இறங்குகிறது.
புஷ் மட்டும் ஆடும்.
முருகன் ஒரு நூல் சாய்ந்துதான் நிற்கிறார்.

நஞ்சப்பன் முப்பது வருசமாய்
சாயப்பட்டறையில் அடுத்தவர் மெஷினைத்
துடைத்துத் துடைத்து வைக்கிறவர்.
கடையில் அவர் எதைத் தடவிக்கொண்டு நின்றாரென்று
நிமிடத்தை எண்ணிய எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிறு, டிவி வந்த தெர்மாகோலை
பழந்தகரப் பெட்டிக்குள் இறக்கி
காய்கறிக் கத்தியால் குடைந்துகொண்டிருந்தார்,
மீசையெல்லாம் வெள்ளைப் பூ.
டிரில்லுக்கு ஒரு பள்ளம்,
பிட்டுக்கு ஒரு பள்ளம்.

சிவப்பை வைத்துப் பார்த்தேன்.
கைப்பிடிப் பக்கம் இடம் மிஞ்சியது.
ஒருக்கா மட்டும் கையில் பிடித்த நீலத்தை
அவ்வளவு சரியாக
ஞாபகத்திலிருந்து குடைந்திருந்தார்.

மிஞ்சிய இடத்தில்
பழைய பனியன் துணியைச் சுருட்டி வைத்தேன்,
ஆடாமல் இருக்க.