தேரைக்குளத்தார்

இங்கிலாந்துக் கடிதம்
ஒட்டுசுட்டான் கந்தோரில் ஒரு கிழமை கிடந்தது.
முத்திரை அழகென்று
பியோன் கிழித்தெடுத்த மூலைவழியே
முதலில் தெரிந்தது ஒரு பெயரின் வால்.

தட்மியர்.
அங்கே இப்போது ஏழு பேர்தானாம்.
எழுதியவளுக்கு எழுபத்தொன்பது வயது, பிள்ளைகள் இல்லை.
தட் என்றால் தேரை, மியர் என்றால் குளம்,
அவர்களின் பழைய பேச்சில்.
தேரைக்குளத்தடியில் குந்தியிருந்த எவனையோ
வரிக்காரன் அப்படிப் பதிய,
அறுநூறு வருஷம்
தகப்பனிலிருந்து மகனுக்கு நேர்கோட்டில் வந்த பெயர்.
அதில் ஒருவன் குளம் திருத்த வன்னிக்குப் போய்க்
காய்ச்சலில் விழுந்தானாம்.
மிச்சம் தெரியவில்லை, தெரிந்தால் எழுதவும்.

மிச்சம் எனக்குத் தெரியும்.
வரிசையில் மூன்றாவதாக நிற்கிறது,
உர மானியப் படிவத்தோடு.
வீ. தட்டுமேரன்.

கதிராசி என்றொருத்தி
அவனுக்குக் கொயினா கரைத்துக் கொடுத்தாள்.
பெயரை அவன் கொடுத்தானோ இல்லையோ
அவள் எடுத்தாள்.
மகன், த. வீரவாகு.
எங்கள் வழக்கில் தகப்பன் பெயர்
ஓரெழுத்தாய்ச் சுருங்கி
அடுத்த தலைமுறையில் உதிர்ந்துவிடும்.
ஆனால் பேரனுக்குப் பாட்டன் பெயர்.
வீ. தட்டுமேரன்.
பிறகும் த. வீரவாகு.
பிறகு இவர்.
அங்கே நடந்து வந்தது
இங்கே ஒன்றுவிட்டு ஒன்று
தாவித் தாவி வந்திருக்கிறது,
தேரைதானே.

அடுத்தது,
த. வீரவாகு, பிறப்பு தொண்ணூற்றொன்று.
கோப்பில் இறப்புச் சான்றிதழ் இல்லை.
அவர் எடுக்கவில்லை.
நாங்களும் இப்போது கேட்பதில்லை.

கடிதத்தைத் தமிழில் சொன்னேன்.
வெள்ளைக்காரப் பூட்டன், அறுநூறு வருஷம், ஏழு பேர்
ஒன்றும் அவர் முகத்தில் ஒட்டவில்லை.
"அந்தக் குளம் இப்ப எப்பிடி?" என்றார்.

இரண்டாம் பக்கத்தில் இருந்தது.
வெட்டி வடியவிட்டு இருநூறு வருஷம்.
கோதுமை விளைகிறதாம்.
எவ்விடமென்று வரைபடத்திலும் இல்லை.

கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார்.
பின்னால் நின்றவன் நேரம் போகுது என்றான்.
"குளத்தை விட்டிட்டு
பேரை மட்டும் வைச்சிருந்தவையோ?"

படிவத்தில் ஒப்பம் வைத்து நீட்டினார்.
போகப் போனவர் திரும்பினார்.
"அந்த மனுசிக்கு எழுதுங்கோ பிள்ளை,
எங்கட துருசு ஒழுகுது,
எண்டாலும் பத்தடி தண்ணி நிக்குது."