தெரிவுப் பாடங்கள்: வெள்ளி நாலு மணிக்குள்

வெள்ளவத்தையில் வாடகை அறை.
ஜன்னலைத் திறந்தால் ரயில்,
மூடினால் கீழ்க்கடையின் கொத்துத் தகரச் சத்தம்.
மேசையில் முதுமாணிப் படிவம்:
பன்னிரண்டு தெரிவுப் பாடங்கள்,
எடுக்க வேண்டியது மூன்று.

கட்டாயப் பாடங்களால் தொல்லையில்லை.
காய்ச்சல் மாதிரி, வரும், போகும்.
தெரிவுதான் ஆளைத் தின்கிறது.

முகாமைத்துவம் எடு என்கிறாள் ருவந்தி,
பத்து வருடத்தில் நீ பல்கலைக்கழக நூலகர்,
கதவில் பெயர்ப்பலகை.
ஆய்வுத் தரவு எடு என்கிறாள் பஸ்லியா,
வேலை விளம்பரங்களைப் பார்.

பார்த்தேன். இருபத்தாறு விளம்பரங்கள்.
மின்கட்டணப் பட்டியலின் பின்பக்கத்தில்
கோடு போட்டு எண்ணினேன்.
பத்தொன்பதில் கணினி முறைமைகள்,
பதினொன்றில் கற்பித்தல் அனுபவம்,
ஒன்றே ஒன்றில்
'உள்ளூர் மொழியறிவு மேலதிகத் தகைமை'.
மேலதிகம்.
கொத்தில் கூடுதலாக உடைத்து ஊற்றும் முட்டை.

ஆவணக்காப்பில் எனக்கு ஆசை.
பழைய கடதாசி வாசம் என்று யாரும் தொடங்க வேண்டாம்,
எனக்குத் தூசு ஒத்துவராது.
எவர் எதை எப்போது ஒளித்தார் என்பது
பெட்டிகளின் ஒழுங்கிலேயே தெரிந்துவிடும்,
அதற்காகத்தான் ஆசை.
ஆனால் அது சனி காலை எட்டரை.
சனி காலை எட்டரைக்கு நான்
டுப்ளிகேஷன் ரோட்டுத் தனியார் கல்லூரி நூலகத்தில்
இந்த ஜன்னலுக்கான வாடகையை உழைத்துக்கொண்டிருப்பேன்.

அங்கே என்னிடம் கேட்கப்படுபவை, வரிசைப்படி:
வைஃபை கடவுச்சொல்,
ஸ்டேப்ளர்,
மழை விட்டுவிட்டதா மிஸ்.

போன சனி, மூடப் பத்து நிமிடம்.
ஹட்டன் பக்கத்துப் பையன் ஒருவன்,
லயன் வீடுகளின் காணி உறுதி பற்றி எழுதுகிறானாம்.
தேடுபெட்டியில் ஒரு தமிழ் நூலைத் தட்டினான்.
தலைப்பில் ஒரு ழ இருந்தது. அவ்வளவுதான் குற்றம்.
முடிவுகள்: பூச்சியம்.
'இல்லையாம் மிஸ்' என்று பையைத் தோளில் மாட்டிவிட்டான்.

அன்று காலைதான் அதை நான் அடுக்கியிருந்தேன்,
செங்கல் நிற அட்டை, முதுகில் பசை நாடா.
எடுத்துவந்து கொடுத்தேன்.
'மெஷின் பிழையா?'
மெஷினில் பிழையில்லை.
ஒருவர் ழவுக்கு எல் போட்டிருந்தார்,
அவருக்கு முந்தினவர் இசட் எச்,
இன்னொருவர், ஏனோ, வை.
ஒரே எழுத்தாளர் நம் பட்டியலில்
ஒருவரையொருவர் தெரியாத மூன்று பேராக நிற்கிறார்.

பையன் நன்றி சொன்னான்.
எனக்கு அந்த நன்றி இனிக்கவில்லை.
நான் லீவில் நின்றிருந்தால்?
என் கண்ணில் மட்டும் இருக்கிற பட்டியல்
பட்டியலா?

ஒன்பதாம் இலக்கம்:
'பல்லெழுத்து மீதரவும் பெயர்க் கட்டுப்பாடும்'.
செவ்வாய் மாலை, சின்ன வகுப்பறை, மின்விசிறி ஒன்று.
பேர் போன பாடமில்லை.
ஐந்து பேர் சேராவிட்டால் நடக்காது,
இதுவரை நாலு பேர்.

வெள்ளி, மூன்றே கால்.
இணையப் படிவத்தில் என் பெயரை அடித்தேன்:
எழில்வேணி.
'அப்படியொரு மாணவர் இல்லை.'
சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது.
பிறப்புச் சான்றிதழில் எல்,
அடையாள அட்டையில் இசட் எச்,
கல்லூரிச் சம்பளச் சீட்டில் யாரோ
அந்த எழுத்தையே விழுங்கிவிட்டார்கள்.

கந்தோருக்கு அழைத்தேன்.
'நம?' என்றார் எழுதுவினைஞர், களைப்போடு.
சொன்னேன். ஸ்பெல்லிங் கேட்டார்.
எதைச் சொல்ல?
'மூன்றையும் தேடிப் பாருங்கள்,
மூன்றும் நான்தான்.'
அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம்,
ஒரு நீண்ட பெருமூச்சு,
யாரோ பிளேன்ரீ கொண்டுவந்து வைக்கும் சத்தம்.
'ஹ்ம். இருக்கிறீங்க.'

ஐந்தாவது ஆள்.

மற்ற இரண்டு கட்டங்களும் வெறுமை.
மணி மூன்று ஐம்பது.
பாணந்துறை ரயில் ஜன்னலை உலுக்கிப் போகிறது,
முகாமைத்துவமா, தரவா,
ருவந்தியின் அழைப்பை எடுக்காமல்
பேனையைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.