முப்பத்து மூன்று தணிக்கைகள்

ஔலு நகரம். வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
உள்ளே, இரும்புப் பெட்டிக்குள், எண்பத்தைந்து.
நாற்பது ரிலேக்கள்
டிக் டிக்கென்று அங்கே கிழடாகின்றன,
வாரத்துக்கு ஒரு வருஷம் வீதம்.

லிஃப்ட் கதவுகளுக்குப் போக வேண்டியவை.
வாங்குபவர் ஹெல்சிங்கியிலிருந்து கேட்கிறார்:
எப்போது சாகும்?
ஆயிரத்தில் எத்தனை, எத்தனை வருஷத்துக்குள்,
அதைச் சொல்வேன்.
எது என்று கேட்டால்
எனக்கும் தெரியாது, ரிலேவுக்கும் தெரியாது.

முதலில் போனது பதினோராம் எண்.
நாற்பத்தொரு மணி நேரம்.
ஐலா அதற்கு நேரே 'சிசு மரணம்' என்று எழுதினாள்.
எங்கள் துறையில் அப்படித்தான் எழுதுவார்கள்.
பிறகு பேனாவை எடுக்காமல்
அந்தச் சொல்லை அடித்து
'ஆரம்பப் பழுது' என்றாள்.
நான் காபி ஊற்றப் போனேன்.

மடக்கைத் தாளில் புள்ளிகள்
நேர்கோட்டில் நின்றால் அன்றைக்குத் தூக்கம் உண்டு.
நான்காவது புள்ளியில் கோட்டுக்கு முழங்கால் மடங்கியது.
மடங்கினால் கதை ஒன்றல்ல, இரண்டு.
அறுத்துப் பார்த்தோம்:
முதல் நான்கும் ஒரே பற்றாசுச் சுருள்,
ஒரே செவ்வாய்க்கிழமை.

ஆயிரமாவது மணியில் பெட்டியை அணைத்தோம்.
ஏழு போயிருந்தன.
முப்பத்து மூன்று இன்னும் தட்டிக்கொண்டிருந்தன.
அட்டவணையில் அவற்றுக்குப் பெயர் தணிக்கை.
கத்திரி போட்ட காட்சியல்ல,
வருவதற்குள் அரங்கில்
விளக்கைப் போட்டுவிட்ட காட்சி.
சாகாததைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால்
எல்லாம் நாளைக்கே செத்துவிடும்.

இதற்கிடையில் வாசாவிலிருந்து
பழைய மாடல் ஒன்று திரும்பி வந்தது,
பன்னிரண்டு வருஷம் உழைத்துவிட்டு.
திறந்தால், தொடுமுனைகளுக்கு நடுவே
கரிந்த எறும்பு ஒன்று.
"எறும்புக்கு எந்தப் பரவல்?" என்றான் யோர்மா.
காரணம் என்ற கட்டத்தில்
'மற்றவை' என்று நிரப்பினோம்.

சோதனை முடிந்தவற்றை நசுக்கிவிட வேண்டும், விதி.
நசுங்கியவை முப்பத்திரண்டு.
பத்தொன்பதாம் எண்
என் சவுனா விளக்கில் இருக்கிறது.
ஒவ்வொரு முறை அது தட்டும்போதும்
பழைய காலண்டரின் முதுகில் ஒரு கோடு இழுக்கிறேன்.
எந்த அறிக்கைக்கும் இல்லை, சும்மாதான்.
நேற்றோடு நானூற்றுப் பன்னிரண்டு.

பென்சில்தான் தேய்கிறது.